ஸ்ரீவராகத்தில் எத்தனை பருவம்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில், வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி இருக்கிறது ஸ்ரீவராகம். இங்கே ஆண்டின் சூடான மாதத்துக்கும் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரி வெப்பநிலையில் சுமார் மூன்று டிகிரிதான் வித்தியாசம். மாசி மாதத்தில் ஒரே நாளின் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி இறங்கும். ஆகவே பருவத்தைக் காட்டுவது வெயில் அல்ல, மழை.

காரணம் சூரியனில் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரை டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலுமாக ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சூடான காற்று மேலெழும் மழைப் பட்டையும் சூரியனைத் தொடர்ந்து வடக்கே நகர்கிறது. தெற்கிலிருந்து அதை நோக்கி வரும் கடற்காற்று, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, தென்மேற்குக் காற்றாக மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதுகிறது. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி என்ற இந்தத் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மலைக்கு அப்பால் திருநெல்வேலி அப்போது மழை மறைவில் காய்ந்திருக்கும். ஐப்பசியில் வரும் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷத்தின் குணமே வேறு: காலையில் பளிச்சென்ற வெயில், மதியம் கிழக்கே மலைமேல் கருமேகம், சாயங்காலம் இடியோடு கொட்டல்.

மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியும் 18 டிகிரிக்குக் குறையாவிட்டால் அது வெப்பமண்டலம் என்றார் காலநிலைகளை வகைப்படுத்திய அறிஞர் விளாதிமிர் கோப்பன். அதற்குள் வகை பிரிப்பது மிக வறண்ட மாதத்தின் மழை. எந்த மாதமும் 60 மில்லிமீட்டருக்குக் குறையாவிட்டால் மழைக்காட்டுக் காலநிலை. குறைந்தால் ஒரு கணக்கு உண்டு: ஆண்டு மழையை 25-ஆல் வகுத்து 100-இலிருந்து கழிக்க வேண்டும். வறண்ட மாத மழை அந்த விடையை எட்டினால் பருவமழை வகை, எட்டாவிட்டால் சவன்னா. ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் என்று வைத்தால் விடை 28. திருவனந்தபுரத்தின் ஜனவரி மழை அதை ஒட்டியே நிற்பதால் ஊர் இரு வகைக்கும் எல்லையில் இருக்கிறது. சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் கொச்சிக்கு இந்த இழுபறி இல்லை.

உயரமும் சேர்ந்தால் கதை மாறும். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானாய்வு நோக்ககத்தை நடத்திய ஜான் ஆலன் பிரௌன், 1855-இல் அகத்தியமலை உச்சியிலும் ஒரு நோக்ககம் அமைத்தார். காட்டு வழியே கருவிகளை அங்கே ஏற்றிய உழைப்பை நினைத்தாலே மலைப்பு வருகிறது. கிலோமீட்டருக்கு ஆறு டிகிரி குறையும் என்று கணக்கிட்டால், 1,868 மீட்டர் உயர உச்சியில் சராசரி 16 டிகிரியை ஒட்டி வரும். ஸ்ரீவராகத்தின் அட்சரேகைக்கு அருகிலேயே இருந்தும், கோப்பனின் கணக்கில் அது வெப்பமண்டலம் அல்ல.