சுருக்கம் போக்கும் க்ரீமில் ‘பெப்டைடு’: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை



“இதுல பெப்டைடு இருக்கு, 30 நாள்ல முகச்சுருக்கம் போயிடும்” என்று சொல்லி க்ரீம் விற்கிறார்கள். தவணையில் தருகிறோம், நாலு பேருக்கு விற்றால் கமிஷன் என்றும் ஆசை காட்டுகிறார்கள். நாம் சந்தா கட்டிச் சேர்த்த பணம் இதில் போகலாமா? விஷயம் தெரிந்து முடிவு செய்வோம்.

பெப்டைடு என்றால் என்ன?

நம் தோலைத் தொய்யாமல் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். வயது ஏற ஏற அது குறையும். வெயில் அதிகம் பட்டால் இன்னும் சீக்கிரம் குறையும். அதனால் சுருக்கம் விழுகிறது. புரதத்தை ஒரு நீளமான பூச்சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலைந்து பூ அளவுக்கு நறுக்கிய துண்டுதான் பெப்டைடு. இந்தத் துண்டைப் பூசினால், “கொலாஜன் உடைஞ்சிருக்கு, புதுசா உண்டாக்கு” என்று தோலுக்குச் சேதி போகும் என்பதுதான் கணக்கு.

ஆனால் தோல் நமக்கு வேலி. எதையும் சுலபமாக உள்ளே விடாது. அதனால் பெப்டைடோடு ஒரு கொழுப்பைச் சேர்க்கிறார்கள். பாமாயிலில் நிறைய இருக்கும் அதே கொழுப்பு வகைதான். டப்பாவில் ‘பால்மிட்டாயில்’ என்று பெயர் தொடங்கினால் அதுதான் அர்த்தம்.

பலன் உண்டா?

பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு பற்றி 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 93 பெண்கள் முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு கலந்த க்ரீமும், மறு பாதியில் அது கலக்காத அதே க்ரீமும் 12 வாரம் பூசினார்கள். எந்தப் பக்கம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. பெப்டைடு பூசிய பக்கத்தில் மெல்லிய கோடுகள் ஓரளவு குறைந்தன. ஆழமான சுருக்கம் மறைந்துவிடவில்லை. ஆய்வைச் செய்தவர்கள் க்ரீம் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆக, பெப்டைடு முழுப் பொய்யும் இல்லை, மந்திரமும் இல்லை. ‘ஊசி போடாத போடாக்ஸ்’ என்று விற்கப்படும் அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு, ஊசியின் வேலையைச் செய்யாது. கிளிசரின் கலந்த சாதாரண க்ரீம் பூசினாலே தோல் ஈரம் பிடித்து, கோடுகள் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும்.

வாங்கும் முன் பாருங்கள்

1. டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

2. பட்டியலில் அதிகமாகச் சேர்ந்த பொருள் முதலில் வரும். பெப்டைடு மிகக் குறைந்த அளவே சேர்ப்பதால் கடைசியில்தான் இருக்கும். எவ்வளவு என்று பட்டியல் சொல்லாது. விலை கூடினால் பெப்டைடு கூடுதல் என்றும் அர்த்தமில்லை.

3. கிராம் கணக்குப் போடுங்கள். 15 கிராம் 450 ரூபாய் என்றால் ஒரு கிராம் 30 ரூபாய். 50 கிராம் 200 ரூபாய் என்றால் ஒரு கிராம் 4 ரூபாய்தான்.

4. முழங்கையின் உள்பக்கம் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் முகத்தில் பூச வேண்டாம்.

எச்சரிக்கை!

லேபிள் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். சில நாளிலேயே முகம் வெளுத்துப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டை டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும்.

செலவில்லாத வழி

சுருக்கத்துக்குப் பெரிய காரணம் வெயில். வயலுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகும்போது தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். விளிம்பு அகலமான தொப்பி இருந்தால் இன்னும் நல்லது. க்ரீமுக்கென்று காசு ஒதுக்க முடிந்தால், முதலில் எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.

கையில் மிச்சக் காசு இருந்து, ஆசையும் இருந்தால் பெப்டைடு க்ரீம் வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் குழுக் கடன் எடுத்து வாங்கும் பொருள் இது இல்லை. கமிஷனுக்காகச் சரக்கு எடுப்பவர்களும், “விற்காமல் தங்கினால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிப் பேசுங்கள்.