கல்யாண சி.டி. ஓடலையா? பழைய டிரைவை எடைக்கு போட்டுடாதீங்க!

சென்னை:

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா என்று வீட்டு விசேஷங்களை வீடியோ எடுத்து சி.டி.யில் வாங்கி வைப்பது 2000-ம் ஆண்டுகளில் வழக்கம். அந்த சி.டி.க்கள் இன்றும் பல வீட்டு பீரோக்களில் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் சி.டி. டிரைவே கிடையாது.

'புதுசு வாங்கியாச்சு, பழசு எதுக்கு?' என்று பழைய கம்ப்யூட்டரை எடைக்கு போடுபவர்கள், அதில் உள்ள டிரைவை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொள்வது நல்லது.

2 டிரைவ் எதற்கு?

ஸ்டூடியோவில் பதிவு செய்து கொடுத்த சி.டி.யில் மெல்லிய சாயப்பூச்சு இருக்கும். பதிவு இருப்பது அதில்தான். வெயில், சூடு, ஈரம் பட்டால் அது கெட்டு விடும். கீறலும் விழும். அப்படிப்பட்ட சி.டி.யை ஒரு டிரைவ் படிக்காது. இன்னொரு டிரைவ் படித்து விடும். லேசரின் நிலையும், பிழையை சரி செய்யும் திறனும் டிரைவுக்கு டிரைவ் மாறுபடுவதே காரணம். எனவே புதிய டிரைவில் வராத படம் பழையதில் வரலாம்.

ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் டி.வி.டி. டிரைவை வையுங்கள். அது சி.டி.யையும் படிக்கும். சி.டி. டிரைவ் டி.வி.டி.யை படிக்காது.

எப்படி இணைப்பது?

டிரைவின் பின்பக்கம் பாருங்கள். பட்டையான 40 பின் கேபிள் என்றால் ஐ.டி.இ. வகை. மெல்லிய கேபிள் என்றால் சாட்டா. சாட்டா டிரைவை இன்றைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலானவற்றில் நேரடியாக மாட்டலாம். ஐ.டி.இ. டிரைவுக்கு புதிய போர்டுகளில் இடம் இல்லை. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வேண்டும்.

டெஸ்க்டாப் டிரைவுக்கு 12 வோல்ட் மின்சாரமும் தேவை. யு.எஸ்.பி.யில் சாதாரணமாக வருவது 5 வோல்ட்தான். எனவே தனி பவர் அடாப்டருடன் உள்ள கன்வெர்ட்டராக கேட்டு வாங்குங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் ஒரே கேபிளில் 2 ஐ.டி.இ. டிரைவ் போட்டால், ஜம்பரை மாற்றி ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் கம்ப்யூட்டர் குழம்பி விடும். பிளக்கை கழற்றிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

உடனே காப்பி எடுங்க

ஒரு சி.டி.யில் சுமார் 700 எம்.பி., சாதாரண டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. பிடிக்கும். 64 ஜி.பி. பென் டிரைவில் 10 டி.வி.டி. தாராளமாக அடங்கும். ஏதாவது ஒரு பைலை மட்டும் எடுக்காமல், உள்ளே இருக்கும் போல்டர்களை முழுசாக காப்பி செய்யுங்கள். அதையும் 2 இடத்தில் வையுங்கள்.

சி.டி.யை துடைக்கும்போது வட்டமாக தேய்க்கக் கூடாது. மெல்லிய துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராக துடைக்க வேண்டும்.

பழசை வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிளாப்பியில் தகவல் கொடுக்க வேண்டும் என்ற விதிகளை ஜப்பான் அரசே 2024-ம் ஆண்டில்தான் முழுமையாக ஒழித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வீடியோவில் பேசும் தாத்தா, பாட்டியின் குரலை மறுபடி பதிவு செய்ய முடியாது. எல்லா சி.டி.யும் காப்பி ஆகி, அதை ஓட்டிப் பார்த்து முடிக்கும் வரை பழைய டிரைவ் பரணில் இருக்கட்டும்.