பெட்டி எங்கே? கணத்தைக் கேளுங்கள்!

வெட்டு, சேர்ப்பு, வெற்றுக் கணம்... ஒன்பதாம் வகுப்பில் பரீட்சைக்காகப் படித்தோமே, அந்தக் கணக்கை வைத்துக் காட்டுக்குள் ஒளித்த பெட்டியைக் கண்டுபிடிக்கலாம், தெரியுமா?

ஒளித்த பெட்டியை ஜி.பி.எஸ். துணையோடு தேடும் இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில், பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் அறிவித்துவிட்டார்! உள்ளே புத்தகம், உண்டிவில், ஒரு டப்பா பீன்ஸ்கூட!

இதில் மர்மப் பெட்டி என்றொரு வகை. வரைபடத்தில் கேள்விக்குறி இருக்கும் இடத்துக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது! புதிரை விடுவித்தால்தான் நிஜ இடம் தெரியும்.

கணப் புதிர் எப்படி இருக்கும்? 10-க்குக் கீழுள்ள பகா எண்கள் ஒரு கணம்: 2, 3, 5, 7. ஒற்றைப்படை எண்கள் இன்னொன்று: 1, 3, 5, 7, 9. சேர்ப்பில் எத்தனை உறுப்புகள்? நாலும் ஐந்தும் ஒன்பது என்று எழுதினால் போச்சு! 3, 5, 7 இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒரு தடவைதான் எண்ண வேண்டும். விடை 6. இது அட்சரேகை நிமிடத்தில் புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம் என்று வையுங்கள். அங்கே ஓர் எண் மாறினாலே தரையில் சுமார் 185 மீட்டர்! 9 என்று போட்டவர் அரை கிலோமீட்டருக்கும் அப்பால் புதரைக் கிளறிக்கொண்டிருப்பார். அதே பிழை மூன்றாவது இலக்கத்தில் நேர்ந்தால் ஐந்தரை மீட்டர்தான். சுற்றிப் பார்த்தாலே பெட்டி சிக்கிவிடும்.

இதைவிடப் பொல்லாதது வெற்றுக் கணம். அதில் உறுப்புகள் 0. அந்த வெற்றுக் கணத்தையே உறுப்பாகக் கொண்ட கணத்தில்? 1! காலிப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்தால் வெளிப்பெட்டி காலி இல்லையே! இந்தச் சின்ன வித்தியாசத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாததிலிருந்து 0, 1, 2, 3 என்று எண்களையெல்லாம் கட்டி எழுப்பினார் ஜான் ஃபான் நாய்மன். ஆண்டு 1923, அவருக்கு வயது 19! எனக்குக் கணிதத்தில் இதைவிடப் பெரிய அதிசயம் தெரியாது.

அடுத்தது உட்கணங்கள். 3, 5, 7 என்ற கணத்துக்கு எத்தனை? 6 என்பவர்கள் வெற்றுக் கணத்தையும் முழுக் கணத்தையும் விட்டுவிட்டார்கள்; 8 என்பதே சரி. உறுப்பு ஒன்று கூடினால் உட்கணங்கள் இரட்டிப்பாகும். 10 உறுப்புகளுக்கு 1,024. 19 உறுப்புகளுக்கு? 5,24,288! சரியாக ஆறு இலக்கம். அட்சரேகையின் புள்ளிக்குப் பின்னால் 524, தீர்க்கரேகைக்கு 288. ஒரே கேள்வி, பெட்டி கையில்!