நிரம்பிய குட்டை வெள்ளத்தைத் தாங்காது

'பண்ணைக்குட்டை வெட்டியும் ஓடைக்கரை வயல் மூழ்குகிறதே' என்று பல விவசாயிகள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஐப்பசியின் முதல் சில மழையிலேயே குட்டை நிரம்பிவிடுகிறது. கார்த்திகையில் கனமழை கொட்டும்போது அதில் ஒரு குடம் நீருக்கும் இடமில்லை. வருவதெல்லாம் நேராக ஓடைக்குப் போகிறது. பாசனத்துக்கு நிறைந்த குட்டை வேண்டும். வெள்ளத்தைக் குறைக்கக் காலிக் குட்டை வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 100 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்து, அதில் பாதி வழிந்தோடினால் அது சுமார் 2 கோடி லிட்டர். 2 மணி நேரத்தில் ஓடையில் இறங்கினால் வினாடிக்கு சராசரியாக 2,800 லிட்டர். கரை உடைவதும் மேல்மண் போவதும் அப்போதுதான். அதே நீர் 6 மணி நேரத்தில் இறங்கினால் 930 லிட்டர்தான். அளவு குறையவில்லை, அவசரம்தான் குறைந்தது. இரண்டு நாள் வேரில் நீர் நின்றாலே வாடத் தொடங்கும் பருத்தி, மக்காச்சோளத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஒரே குழியில் இரண்டு பயனும் பெறலாம். மேற்பரப்பு 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச்சரிவு ஒன்றரைக்கு ஒன்று என்றால் குட்டை ஏறக்குறைய 14.6 லட்சம் லிட்டர் கொள்ளும். பாதி ஆழத்தில், பள்ளமான பக்கம் பார்த்து, 6 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைப் பதியுங்கள். அதற்குக் கீழுள்ள 6.5 லட்சம் லிட்டர் உயிர்த்தண்ணீருக்கு. மேலுள்ள 8 லட்சம் லிட்டர் இடம் வெள்ளத்துக்கு. மழை விட்டபின் ஒரு நாளுக்குள் குழாய் வழியே வடிந்து, அடுத்த மழைக்குக் காலியாகும். குழாயின் வாயில் சருகு அடைக்காமல் கம்பி வலை அவசியம். 'நல்ல தண்ணீர் வீணாகிறதே' என்று மழைக்காலத்தில் அதை அடைத்துவிடுபவர்களே அதிகம்!

இது புதிதல்ல. பழைய ஏரிக் கலிங்குகளின் மேல் வரிசையாக நட்ட கற்களைப் பார்த்திருப்பீர்கள். அடைமழைக்காலத்தில் அந்த இடைவெளிகளைத் திறந்து வைத்து, மழை ஓயும் தருவாயில் பலகையும் மண்ணும் கொண்டு அடைத்துக் கூடுதல் நீர் பிடித்தார்கள். உங்கள் குழாய்க்கும் மார்கழிக் கடைசியில் மூடி போடலாம்.

ஒரு குட்டையால் ஓடை அடங்காது. மேட்டு நிலங்களில் பல குட்டைகள் வேண்டும். ஓடையின் கடைப்பகுதியில் மட்டும் வெட்டினால் பலன் குறைவு. அங்கே தாமதித்த நீர், மேலிருந்து வரும் உச்ச வெள்ளத்தோடு சேர்ந்து தொல்லை தரவும் கூடும். ஆனால் நிலம் இழப்பவர் மேட்டுக்காரர், தப்புபவர் பள்ளத்துக்காரர். இதைப் பேசித் தீர்க்காமல் பொக்லைனை வரவழைக்காதீர்கள். வெட்டுக்கூலியில் பள்ளத்துக்காரர்கள் பங்கு தருவது முறை.

ஓடையின் குறுக்கே தோண்டாமல் ஒதுங்கி வெட்டுங்கள். குழாயை நம்பிக் கலிங்கை விட்டுவிடக் கூடாது: கரை உச்சிக்கு ஒன்றரை அடி கீழே, கல் பதித்த வழிந்தோடி இல்லாத குட்டை, பெருமழையில் தானே உடைந்து கீழ்வயலை அழிக்கும். இடம் குறிக்கும் முன் வேளாண் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரை அழைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.