பத்தரை விழுக்காடு: முழக்கத்தில் காணாமல்போன கணக்கு

பெண்ணாடம், விருத்தாசலம் பக்கம் ‘பத்தரை’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. 2021-ல் வன்னியருக்குத் தரப்பட்ட உள் ஒதுக்கீட்டின் அளவு அது. மேடையில் அது மானப் பிரச்சினை. ஆதரித்தால் நம்மவர், கேள்வி கேட்டால் எதிரி. நீதிமன்றத்திலோ அது வெறும் கணக்கு.

1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். 1989-ல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கியது. அதில் வன்னியரோடு சீர்மரபினர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்கள் உண்டு. 2021 பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், பழனிசாமி அரசு அந்த 20-ஐ மூன்றாகப் பிரித்தது: வன்னியருக்கு 10.5, மற்றவர்களுக்கு 7, 2.5.

நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. ஆனால் உள் ஒதுக்கீடே கூடாது என்று அது சொல்லவில்லை. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. பழைய மக்கள்தொகை விவரத்தை மட்டும் வைத்து ஒரு சமூகத்தைத் தனியே பிரித்ததைத்தான் ஏற்க மறுத்தது.

மேடைப் பேச்சு தொடாத இடம் இதுதான். 20 விழுக்காட்டில் வன்னியர் இப்போது எவ்வளவு பெறுகிறார்கள்? ஏற்கெனவே பத்தரைக்கு மேல் பெறும் பணிகளில் தனி ஒதுக்கீடு அவர்களுக்கே நட்டம். குறைவாகப் பெறும் பணிகளில்தான் லாபம். குரூப் 1-க்கும் குரூப் 4-க்கும் விடை வேறாகலாம்.

அடையாளம் நுழையாத இடத்தில் கேள்வி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்குக் கரும்பு சாட்சி. பெண்ணாடத்தை அடுத்த இறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர்கள் நிலுவைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் 15 விழுக்காடு வட்டி. எடைமேடையில் சாதி கேட்பதில்லை. எத்தனை டன், எவ்வளவு பாக்கி, என்றைக்குத் தருவீர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இட ஒதுக்கீட்டில் சாதியை விலக்கிவிட்டுப் பேச முடியாது. அநீதி நடந்ததே சாதியின் பேரில்தான். ஆனால் உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி. எந்த அளவு, எந்த ஆதாரத்தில் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் சூட்டில் இரண்டாவதை மறைப்பதுதான் மேடையின் வித்தை.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அது தலைகளை எண்ணும்; நாற்காலிகளை எண்ணாது. யார் எந்தப் பணியில் சேர்ந்தார் என்ற விவரம் மாநில அரசிடம்தான் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதைக் கேட்கலாம்.