கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் ஏன் ஆஃப் ஆகிறது?

ஏற்காடு மலையில் உள்ள வாழவந்தியில் காலைப் பனிமூட்டத்தில் நடுங்கி நடுங்கி நின்றுபோகும் கார், சேலத்து ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போது ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். 'வண்டி நல்லாத்தானே இருக்கு' என்று மெக்கானிக் அனுப்பிவிடுவார். மறுநாள் மேலே அதே தொல்லை. இதில் மெக்கானிக் மீதும் வண்டிக்காரர் மீதும் தப்பில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டர்கூட இல்லை. மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. ஈரமும் குளிரும் வேறு.

ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோது பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 750 முதல் 900 சுற்று வரை ஓடும். அதைத்தான் ஐட்லிங் என்கிறோம். அப்போது காற்றுப் பாதையில் உள்ள திராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். அந்த மெல்லிய இடுக்கு வழியே வரும் கொஞ்சம் காற்றை நம்பித்தான் இன்ஜின் உயிரோடு இருக்கிறது. அதனால் வேகத்தில் போகும்போது தெரியவே தெரியாத சின்னக் குறைகூட ஐட்லிங்கில் அம்பலமாகிவிடும். தட்டைச் சுற்றிக் கரிப்பசை படிந்தால் காற்று போதாது. எங்கோ ரப்பர் குழாய் விரிசல் விட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, கலவை மெலிந்துவிடும். எஸ்டேட்டிலிருந்து கடைத்தெரு வரை போய் உடனே திரும்புகிற, சரியாகச் சூடாகாத வண்டிகளில் இந்தக் கரிப்பசை சீக்கிரம் சேரும்.

கார்பரேட்டர் வைத்த பழைய அம்பாசிடருக்கும் மாருதி 800-க்கும் மலை வேறு விதமாகத் தொல்லை தரும். காற்று மெலிந்தது கார்பரேட்டருக்குத் தெரியாது. பெட்ரோலைத் தேவைக்கு மேல் ஊற்றும், புகைபோக்கி கறுக்கும். கீழே டியூன் செய்த வண்டி மேலே தடுமாறுவது அதனால்தான். பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், ஈரக் காற்றில், வெளியே 15 டிகிரி இருக்கும்போதே கார்பரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டி இன்ஜின் நின்றுவிடலாம். சில நிமிடம் காத்திருந்தால் இன்ஜின் சூட்டில் பனி உருகி மறுபடி ஸ்டார்ட் ஆகும். பேய் பிடித்த வண்டி என்று பேர் வாங்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தத்தை அளக்க சென்சார் உண்டு, உயரத்தைக் கணினி சரிக்கட்டிவிடும். ஆனால் பழுது பார்ப்பவர் அதை மறந்துவிடக் கூடாது. இன்ஜின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் சேலத்தில் 18 அங்குலம் காட்டினால், அதே நல்ல இன்ஜின் ஏற்காட்டில் 14-தான் காட்டும். 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் குறையும். இது தெரியாமல் ஏர் லீக் என்று தேட ஆரம்பித்தால் பர்ஸ்தான் லீக் ஆகும்.

ஏர் லீக்கை உறுதிசெய்ய நல்ல வழி ஸ்கேனரில் இருக்கிறது. அது காட்டும் பிழைக் குறியீடு 'பி0300' என்றால் பல சிலிண்டரில் மிஸ்ஸிங், 'பி0171' என்றால் கலவை மெலிவு. குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றச் சொல்பவரிடம் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். ஃப்யூல் டிரிம் என்ற எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கலவையைச் சரிக்கட்டக் கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதன் கணக்கு அது. ஐட்லிங்கில் 20 சதவீதம் கூட்டிவிட்டு, 2,500 சுற்றில் இயல்பு நிலைக்கு வந்தால் ஏர் லீக். விரிசல் வழியே வரும் காற்று ஐட்லிங்கில் கணிசமான பங்கு. வேகத்தில் அது துச்சம். தலைகீழாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து இழுக்கும்போது எகிறினால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ பாருங்கள்.

பனிமூட்டத்தில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். காயிலிலோ ஒயரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் ஈரத்தின் வழியே மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெளியே தாவும். இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது, கையை எட்டவே வைத்துக்கொண்டு காயில் பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். சேலத்து வெயிலில் இந்த ஈரம் காய்ந்துபோகும். கீழே வண்டி ஒழுங்காக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் மிகவும் கவலைப்படுவது இறக்கத்தைப் பற்றி. சேலம் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது இன்ஜெக்‌ஷன் வண்டியின் கணினி பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். வளைவில் கிளட்ச் மிதித்த நொடி கணினி மறுபடி பெட்ரோல் விட்டு ஐட்லிங்கைப் பிடிக்க வேண்டும். திராட்டில் அழுக்கேறியிருந்தால் பிடிக்காது. வண்டி வளைவிலேயே ஆஃப். கூடவே ஸ்டியரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் தேங்கிய வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும், அப்புறம் பெடல் இறுகிவிடும்.

பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஐட்லிங் தடுமாறினால், லீக் அந்தப் பூஸ்டரிலேயே இருக்கலாம். இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். சமதளத்தில் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை ஐந்தாறு தடவை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை மலையிறங்க வேண்டாம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: நியூட்ரலில்தான் இன்ஜின் பெட்ரோல் குடிக்கும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கினால் ஒரு சொட்டும் செலவில்லை.