பொது நதியும் அதன் இடர்களும்

ஒரு நதி ஒரு தேசத்தில் தோன்றி வேறு தேசங்களின் வழியே சென்று கடலையடையுமாயின், அதன் நீரைப் பயன்படுத்தக் கருதும் அரசினர் தனித்து ஒன்றும் செய்தல் அரிது. மேலுள்ளோர் அணையிட்டால் கீழுள்ளோர் அஞ்சுவர். கீழுள்ளோர் இசையாவிடின் மேலுள்ளோர்க்குப் பொருளும் கடனும் எளிதிற் கிட்டா. ஆதலின் அவர்கள் கூடியே முயல வேண்டும். அங்ஙனம் கூடி முயலுமிடத்து இருவகை இடர்கள் உளவாம். ஒன்று, கூட்டாளிகளுள் ஒருவரால் மற்றொருவர்க்கு நேரக்கூடியது. மற்றொன்று, எடுத்த வேலையினாலேயே கரைவாழ் குடிகளுக்கு நேரக்கூடியது. முன்னதை விலக்க அரசினர் பெரிதும் முயல்வர். பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகால் நதியின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றோம்.

செனகால் நதி சுமார் 1,800 கிலோமீட்டர் நீளமுடையது. கினி தேசத்து மலைநாட்டிற் பிறந்து, மாலி தேசத்தைக் கடந்து, பின்னர் செனகால், மொரித்தானியா என்னும் இரு தேசங்களுக்கும் எல்லையாய் ஓடி, சென் லூயி நகரருகே அட்லாண்டிக் மாகடலிற் கலக்கின்றது. மழைக்காலத்தில் இது கரைபுரண்டு பெருகும். கோடையிலோ மிக மெலிந்துவிட, கடலின் உவர்நீர் 100 கிலோமீட்டருக்கு மேலும் உள்ளேறி வரும். 1968-ல் நான்கு தேசங்களும் சேர்ந்து நிறுவிய ஒரு சபை அரசியற் பிணக்கினாற் குலைந்தது. அக்காலத்திலேயே கொடிய வறட்சியும் அப்பிரதேசத்தை வாட்டத் தொடங்கிற்று. கினி விலகிநிற்க, மற்றை மூன்று தேசங்களும் 1972-ல் செனகால் நதி அபிவிருத்தி ஸ்தாபனத்தை ஏற்படுத்தின.

இவர்கள் முதல்வகை இடரை விலக்கிய முறை மெச்சத்தக்கது. நதியின் இயல்பை மாற்றக்கூடிய எவ்வேலையையும் ஏனையோர் சம்மதமின்றி ஒருவர் தொடங்கலாகாதென்று 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது. 1978-ல் செய்த உடன்படிக்கை இன்னும் ஒருபடி மேற்சென்றது. அதன்படி, அணைகள் எந்நாட்டு மண்ணில் நின்றாலும் அவை மூன்று தேசங்களுக்கும் பிரிக்கவொண்ணாத பொதுச்சொத்தாயின. வாங்கும் கடனுக்கும் மூவரும் கூட்டாகப் பிணைநின்றனர். பெறும் பயனுக்குத் தக்கபடி செலவு பங்கிடப்பட்டது. மனந்தாலி அணை மாலியின் மண்ணில் உளது. எனினும் அதன் மின்சாரத்தில் மாலிக்கு நூற்றுக்கு 52 பங்கும், செனகாலுக்கு 33 பங்கும், மொரித்தானியாவுக்கு 15 பங்கும் வகுக்கப்பட்டன. அணை ஒருவனுடையதாயின் சினம் மூண்டபோது அவன் மடையை அடைத்தல் கூடும். மூவர்க்கும் பொதுவாயின், அடைப்பவன் தன் பொருளையே கெடுத்தவனாவான்.

இவ்வேற்பாடு விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. கடல்நீரைத் தடுக்கும் தியாமா அணை 1986-லும், நீரைத் தேக்கும் மனந்தாலி அணை 1988-லும் முடிவுற்றன. 1989-ல் செனகாலுக்கும் மொரித்தானியாவுக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. பலர் மாண்டனர், பல்லாயிரவர் நதியின் இருமருங்கினின்றும் துரத்தப்பட்டனர், இரு அரசுகளும் ஒன்றோடொன்று தூதுறவை முறித்துக்கொண்டன. 1992-ல்தான் அவ்வுறவு மீண்டது. அவ்வளவிலும் நதி ஸ்தாபனம் குலையவில்லை. பின்னர் 2000-ல் செனகால் தேசம் பழைய வறண்ட பள்ளத்தாக்குகளுக்கு நதிநீரைத் திருப்பக் கருதியபோதும் மொரித்தானியா சினந்தெழுந்தது. செனகால் அம்முயற்சியைக் கைவிட, பூசல் தணிந்தது.

இனி இரண்டாம் வகை இடரை நோக்குவோம். தியாமா அணை உவர்நீரைத் தடுத்தமையால் நதியின் கீழ்ப்பகுதி ஆண்டு முழுதும் நன்னீராயிற்று. உழவர்க்கு அது நன்மையே. ஆனால் அந்நன்னீரில் சிஸ்டோசோமியாசிஸ் என்னும் புழுநோயைப் பரப்பும் நத்தைகளும் பெருகின. அந்நத்தையினுள் வளர்ந்து வெளிப்படும் நுண்புழு, நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உட்புகும். கரும்பு விளையும் ரிஷார் தோல் என்னும் ஊரில் குடலைப் பற்றும் இந்நோய் 1988-ல் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கே சோதிக்கப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. நத்தைகளைத் தின்னும் ஆற்றிறால்கள் குஞ்சு பொரிக்கக் கழிமுகத்திற்குச் சென்று மீளும் இயல்பின. அணை அவற்றின் வழியையும் அடைத்தது. சம்பு என்னும் கோரை கரையெங்கும் மண்டி மீனவரையும் உழவரையும் வருத்திற்று. மேலே மனந்தாலியில் ஏறக்குறைய 10,000 பேர் தம் ஊர்களை விட்டுப் பெயர நேர்ந்தது. வெள்ளம் வடிந்த ஈரநிலத்திற் சோளம் விதைத்து வாழ்ந்தோர், அணையினின்று திறந்துவிடப்படும் நீரை எதிர்நோக்குவோராயினர். மின்சாரம் வேண்டுவோரோ அந்நீரைத் தேக்கிவைத்தலையே விரும்பினர்.

இவ்விடர் ஒருவரும் எண்ணியிராததன்று. கானா தேசத்தில் 1965-ல் முடிந்த அகொசொம்போ அணையின் பின்னர் இத்தகைய நோய் பெருகியதை உலகம் கண்டிருந்தது. பின் இது ஏன் தப்பிற்று? மின்சாரமும் பாசனமும் தேசவாரியாகக் கணக்கிடப்பட்டன. நோயும் விளைச்சல் இழப்பும் குடிசைதோறும் சிதறிக் கிடந்தன. உடன்படிக்கை மேசையில் மூன்று தேசங்களுக்கு ஆசனமிருந்தது. நீரில் இறங்கித் துணி துவைக்கும் பெண்ணுக்கும் குளிக்கும் சிறுவனுக்கும் ஆசனமில்லை. இலாபத்தைப் பங்கிட்டவர்கள் நஷ்டத்தை யார் ஏற்பதென்று எழுதிவைக்கவில்லை என்பதே நம் கருத்து.

குறை பிற்பாடு ஓரளவு திருத்தப்பட்டது. 2002-ல் அவர்கள் செய்த நீர்ச்சாசனம் குடிகளின் நீருரிமையையும், ஆண்டுதோறும் செயற்கை வெள்ளம் விடுதலையும், சுற்றுச்சூழற் காவலையும் ஒப்புக்கொண்டது. 2006-ல் கினியும் சபையிற் சேர்ந்தது. நோயாளிகளுக்குப் பிராசிகுவாண்டல் என்னும் மருந்து வழங்கப்படுகின்றது. ஆயினும் மருந்துண்டவர் அதே நீரில் இறங்கினால் நோய் மீளும். 2015-ல் வெளியான ஓராய்ச்சி, ஒரு சிற்றூரின் துறையில் இறால்களை மீண்டும் விட்டபோது நோய்கொண்ட நத்தைகளும் மக்களிடையே நோயும் குறைந்தமையைக் காட்டிற்று.

நம் கல்லூரி மாணவருட் சிலர் நாளைப் பொறியியலாளராயும், மருத்துவராயும், அரசாங்க அலுவலராயும் இத்தகைய வேலைகளில் ஈடுபடக்கூடும். அவர்கள் இவ்வரலாற்றினின்று மூன்று காரியங்களைக் கொள்ளலாம். அணையின் முதற்கல்லை நாட்டுமுன் பயன்களின் பட்டியலோடு கேடுகளின் பட்டியலும் வரைதல் வேண்டும். ஒவ்வொரு கேட்டிற்கும் பொறுப்பாளர் இன்னாரென்றும், அதற்குரிய பணம் எங்கிருந்து வருமென்றும் குறித்தல் வேண்டும். ஆண்டுதோறும் கரையூர்களிற் சென்று சோதித்து, கண்டதை எல்லாத் தேசத்தார்க்கும் தெரிவித்தல் வேண்டும். செனகால் நதியின் மூன்று அரசினரும் மின்சாரத்தை நூற்றுக்கு இத்தனை பங்கென்று நுணுக்கமாக வகுத்தனர். அந்நுணுக்கத்தில் ஒரு பகுதியை ரிஷார் தோல் ஊரின் குளிதுறைக்குச் செலவிட்டிருப்பின், அவ்வூர்ச் சிறுவர் பலர் அந்நோய்க்கு ஆளாகாது தப்பியிருப்பர்.